தங்கவேலு அண்ணனின் பஞ்சமம்

சென்ற மாதம் எங்கள் இசைக்குழுவின் பழைய ஆட்களை மதிய உணவுக்கு அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் இளையவர்களின் ஒத்திகையைப் பார்க்கச் சொன்னார்கள். ஓபோ என்னும் மரக்குழலை வாசிக்கும் பெண் தன் கைத்தொலைபேசியைத் தாங்கியில் வைத்து விரலால் தொட்டாள். அதிலிருந்து 'ஏ' என்னும் சுரம் ஆடாமல் அசையாமல் வந்தது. எல்லோரும் அதனோடு சுருதி சேர்த்துக்கொண்டார்கள். ஓபோக்காரியும்தான்.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்தாள். "அங்கிள், அப்பல்லாம் ஓபோதான் சுருதி குடுக்குமாமே? மெஷின் இல்லாம எப்படி கரெக்டா இருக்கும்?"

"இருந்துச்சு லா," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஆங் மோ கியோவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஏறி, இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தேன். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. "என்ன, கூண்டுக்குள்ள போட்ட மாதிரி நடக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள். எது சரியான சுருதி என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் ஆகிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஐம்பதுகளின் நடுவில் சீருடை அணியும் ஓர் இசைக்குழுவில் சேர்ந்தேன். அப்பா கடற்படைத் தளத்தில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தார். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் கடைவீட்டு மாடியறையில் குடியிருந்தோம். கிளாரினெட் கற்கத்தான் போனேன். குழுவின் தலைவர் ஹார்ட்லி என் உதட்டையும் பற்களையும் மாடு வாங்குபவர் மாதிரி பார்த்துவிட்டு ஓபோவைக் கையில் கொடுத்தார். முதல் வருடம் வாத்துச் சத்தம்தான். வீட்டில் பழகினால் கீழே மளிகைக்கடைக்காரர் மேலே பார்த்து, "யார் வீட்டுல கல்யாணம்?" என்று கேட்பார். அம்மாவுக்கு வெட்கமாக இருக்கும். அப்பா அந்தக் கருவியை 'வெள்ளைக்காரன் நாயனம்' என்பார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

ஹார்ட்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும். சிறுவனாகவே பட்டாள இசைக்குழுவில் சேர்ந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். யாராவது தவறாக வாசித்தால் கோலைக் கீழே வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்ப்பார். தவறியவன் தானாகவே கையைத் தூக்க வேண்டும். தூக்கும்வரை திரும்பமாட்டார். அந்த மௌனத்துக்குப் பயந்து, தவறு செய்யாதவர்கள்கூடக் கையைத் தூக்கியதுண்டு.

சுருதி சேர்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒத்திகைக்கு முன்னால் நான் ரீடைத் தண்ணீரில் ஊறவைப்பேன். இரண்டு மெல்லிய நாணல் இதழ்களைக் குழாயில் சேர்த்துக் கட்டியதுதான் ரீட். நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி. அது ஊறியபின் கருவியைக் கொஞ்ச நேரம் ஊதி, மரத்தைச் சூடேற்ற வேண்டும். பிறகு ஹார்ட்லி, 'ஏ' மட்டும் ஒலிக்கும் இரும்புக் கவையான இசைக்கவையை முழங்காலில் தட்டி என் காதருகே பிடிப்பார். மற்றவர்களுக்கு அது கேட்காது. அந்த ஒலியை நான் வாங்கி, ஓபோவில் நீட்டி, எல்லோருக்கும் தர வேண்டும்.

ஏன் ஓபோ? அதுதான் வளைந்து கொடுக்காத கருவி. கிளாரினெட்காரன் கழுத்துப் பகுதியை லேசாக இழுத்தால் சுருதி இறங்கும். டிரம்பெட்காரனுக்கு நகரும் குழாய் உண்டு. ஓபோவில் ரீடை வெளியே இழுத்தால் ஒரு சுரம் சரியாகும், நான்கு சுரம் கெடும். அதனால் மற்றவர்கள்தான் அதனிடம் வரவேண்டும். அதுவும் சிங்கப்பூர் வெயிலில் எந்த 'ஏ'யும் நின்ற இடத்தில் நிற்காது. காற்று சூடாக ஆகக் குழல்களின் சுருதி ஏறும். திடலில் அணிவகுப்பு முடிவதற்குள் நாங்கள் எல்லோருமே மேலே போயிருப்போம். மறுநாள் குளிர்சாதன மண்டபத்தில் கீழே கிடப்போம். இதெல்லாம் என் பொறுப்பு என்ற நினைப்பு இரவும் பகலும் என்னை அரித்தது. பேருந்தின் ஹாரன், சைக்கிள் மணி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அழுகை என்று எதைக் கேட்டாலும் இது எந்தச் சுரம், எவ்வளவு விலகியிருக்கிறது என்று மனம் அளந்துகொண்டே இருக்கும்.

கோயிலில் இது இன்னும் மோசமாக இருந்தது. அம்மாவோடு வெள்ளிக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போவேன். அங்கே தங்கவேலு என்பவர் நாகஸ்வரம் வாசித்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நாற்பதை ஒட்டிய வயது, கட்டையான உருவம், சட்டென்று வரும் கோபம். அருமையான வாசிப்பு. ஆனால் அவருடைய அடிச்சுரமான ஷட்ஜம் எங்கள் 'டி' என்னும் சுரத்துக்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் நடுவே இருந்தது. இரண்டிலும் சேராத இடம். எனக்குப் பல் கூசும். வெளியே வந்து நிற்பேன்.

ஒருநாள் காப்பிக்கடையில் அதை அவரிடமே சொல்லிவிட்டேன். "அண்ணே, உங்க நாயனம் கால் சுரம் மேல இருக்கு."

தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "எதுக்கு மேல?"

"எங்க பேண்டுக்கு மேல."

"அப்ப உங்க பேண்டுதானேய்யா கீழ இருக்கு? போய் உங்க தொரைகிட்ட சொல்லு."

கடையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னைக் கண்டால், "வாய்யா, கால் சுரம்," என்று கூப்பிட்டு உட்காரவைப்பார். அப்படித்தான் பழகினோம்.

அறுபதுகள் தொடங்கியபோது எல்லா இனத்தாரின் ஆடல் பாடல்களையும் ஒரே மேடையில் வைத்துத் திறந்தவெளியில் நிகழ்ச்சிகள் நடத்த ஆரம்பித்தார்கள். ஃபேரர் பார்க் திடலில் அப்படி ஒன்று ஏற்பாடானது. எங்கள் குழுவும் ஒரு நாகஸ்வரக்காரரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தங்கவேலு அண்ணனின் பெயரைச் சொன்னது நான்தான். மோகன ராகத்தில் சிறிய ஆலாபனை, பிறகு ஒரு கீர்த்தனை. சீனப் பாட்டுகள் பலவற்றைப் போல ஐந்தே சுரமுள்ள ராகம். சீனரும் மலாய்க்காரரும் நிறைந்த எங்கள் குழுவுக்கு அது உடனே பிடிபட்டது. ஹார்ட்லியே 'டி'யில் எழுதிக் கொடுத்தார்.

முதல் ஒத்திகையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. தங்கவேலு அண்ணன் பட்டு வேட்டி கட்டி, விபூதி பூசி, தவில்காரரோடு வந்திருந்தார். நான் 'ஏ' கொடுத்தேன். எல்லோரும் சேர்ந்தார்கள். அண்ணன் வாயில் வைத்து ஊதினார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் இருந்தது. கிளாரினெட்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஹார்ட்லி கோலைக் கீழே வைத்துச் சன்னலுக்கு வெளியே பார்த்தார். யார் கையைத் தூக்குவது? யாரும் தவறாக வாசிக்கவில்லையே.

நிகழ்ச்சியைப் பொறுப்பேற்ற அதிகாரி ஒருவர் அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தமிழர்தான். நல்ல மனிதர், அவசரக்காரர். ஆங்கிலத்தில் ஹார்ட்லியிடம் சொன்னார்: "எதற்கு இந்தச் சிரமம்? ஓபோவின் ஒலி நாகஸ்வரம் மாதிரியே இருக்கிறது. உங்கள் ஆளே தமிழர். அவருக்கு வேட்டி கட்டிவிட்டால் போயிற்று."

ஹார்ட்லி என்னைப் பார்த்தார். "முடியுமா, சாம்?" சாமிநாதன் என்ற பெயர் அவருக்குச் சாம்.

"கீழே ஒரு சுரம் இடிக்கிறது, சார்," என்றேன். அது உண்மை. ஓபோவின் அடிமட்டச் சுரம் பி ஃபிளாட். இந்த ஆலாபனையோ மந்தரப் பஞ்சமத்தில் போய் உட்கார வேண்டும். 'டி'யை ஷட்ஜமாக வைத்தால் அந்தப் பஞ்சமம் 'ஏ'. ஓபோவுக்கு அரைச்சுரம் எட்டாது. எல்லாவற்றையும் அரைச்சுரம் ஏற்றி வாசித்தால் எட்டும்தான், ஆனால் ஓபோவின் கடைசிச் சுரத்தை மென்மையாக வாசிக்க யாராலும் முடியாது. அமைதியாக முடிய வேண்டிய இடத்தில் வாத்து கத்தும்.

"கோர் ஆங்லே இருக்கிறதே," என்றார் ஹார்ட்லி.

இருந்தது. ஓபோவைவிட நீளமானது, நுனி பேரிக்காய் மாதிரி உருண்டிருக்கும். ஐந்து சுரம் கீழே இறங்கும். குரல் கனத்து, சோகமாக ஒலிக்கும். அதில் அந்தப் பஞ்சமம் தாராளமாகக் கிடைக்கும். நான் சொன்ன காரணம் அவ்வளவுதான், போய்விட்டது.

தங்கவேலு அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பது தெரிந்தது. நாயனத்தை உறையில் போட்டார். "நான் வாசல்ல நிக்கிறேன், தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார் ஹார்ட்லி. அப்போதுதான் இன்னொன்றும் சொன்னார். இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்புக்கு எங்கள் குழுவிலிருந்து ஒருவரை அனுப்பப் போகிறார்கள். என் பெயரும் பேச்சில் இருக்கிறது. "இந்த அதிகாரியின் வார்த்தை அங்கே எடுபடும். நீ தெரிந்துகொள்வது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்."

அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். ஒருநாள் தேக்கா சந்தையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கோர் ஆங்லேயில் ஆலாபனையை வாசித்துப் பார்த்தேன். சுரங்கள் வந்தன. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகம் வரவில்லை. துளைகளை மூடும் உலோகச் சாவிகள் அதற்கு விடாது. ஆனால் திடலில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? என்னால் முடியும் என்பதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது.

புதன்கிழமை தங்கவேலு அண்ணனின் வீட்டுக்குப் போனேன். தரையில் சீவாளிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீளமான சீவாளி போட்டா சுருதி எறங்கும். பாரு," என்று ஊதிக் காட்டினார். மத்திய ஷட்ஜம் எங்கள் 'டி'க்கு வந்துவிட்டது. மேலே தார ஷட்ஜத்துக்குப் போனார். அது வேறெங்கோ நின்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை.

"கொழல் ஒத்துக்கல. மரத்துல போட்ட தொளைய என்ன பண்றது?" என்று சீவாளியைக் கழற்றினார். பிறகு, "நீயே ஊதிடுய்யா. எனக்கு வருத்தமில்ல," என்றார்.

"நெசமாவா?"

அவருடைய மனைவி சமையற்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். "பொய், தம்பி. நாலு நாளா ஒழுங்கா சாப்பிடல அவுக."

"நீ சும்மா இரு," என்றவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "வந்ததுலேருந்து கல்யாணத்துல வாசிக்கிறேன், கோயில்ல வாசிக்கிறேன். கல்யாணத்துல சாப்பாடு நடக்கும். கோயில்ல தீபாராதனை நடக்கும். நான் வாசிக்கலன்னாதான் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. இது ஒண்ணுதான், சும்மா நாற்காலி போட்டு உக்காந்து கேப்பாங்கன்னு சொன்னாங்க. அதான் கொஞ்சம் ஆசைப்பட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை நான் அவரையும் கையோடு அழைத்துப் போனேன். ஹார்ட்லி மேசைக்குப் பின்னால் நின்றார். அதிகாரியும் இருந்தார்.

"கோர் ஆங்லேயில் என்னால் வாசிக்க முடியும், சார்," என்றேன். "ஆனால் நீங்கள் முதலில் இவரைத் தனியாக ஒருமுறை கேட்க வேண்டும். எங்களோடு சேராமல். கேட்ட பிறகும் நான்தான் வாசிக்க வேண்டுமென்றால் வாசிக்கிறேன்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஹார்ட்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தங்கவேலு அண்ணன் வாசித்தார். எங்கள் சுருதி பக்கத்தில் இல்லாதபோது அது எங்கும் விலகியிருக்கவில்லை. மந்தரப் பஞ்சமத்தில் வந்து நின்றபோது ஹார்ட்லி எழுந்து சன்னலுக்குப் போனார். அவர் வெளியே பார்த்தபடியே இசைக்கவையைத் தட்டினார், கேட்டார், பையில் போட்டார்.

"நான் இந்தச் சுருதியில்தான் வளர்ந்தேன்," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவரே விளக்கினார். அவர் சிறுவனாகப் பட்டாளத்தில் சேர்ந்தபோது பிரிட்டிஷ் பட்டாள இசைக்குழுக்களின் சுருதி இப்போதையதைவிடக் கிட்டத்தட்டக் கால் சுரம் மேலே இருந்ததாம். பிறகு எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று இறக்கிவிட்டார்கள். பழைய கருவிகளைப் புதிய சுருதிக்குக் கொண்டுவர முடியாது. அவை மூலைக்குப் போயின. "எனக்குப் பதினெட்டு வயது. ஒரே நாளில் எல்லாப் பாட்டும் மந்தமாகிவிட்டது. பல மாதம் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை." அவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

போருக்கு முன் இங்கே இருந்த ஒரு படைப்பிரிவு விட்டுப்போன கருவிகள் எங்கள் கிடங்கின் அடியில் கிடந்தன; அவற்றோடு அண்ணனை வாசிக்கவைப்பதென்று ஹார்ட்லி அன்றே முடிவு செய்தார். 'ஹை பிட்ச்', அதாவது மேல் சுருதி என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றிலும் 'எச்.பி.' என்று பொறித்திருந்தது. கிளாரினெட்டுகள், ஒரு புல்லாங்குழல், சில பித்தளைக் கருவிகள், ஓர் ஓபோ. அடுத்த இரண்டு வாரமும் அவற்றைத் துடைப்பதும் தக்கை மாற்றுவதும் எண்ணெய் தடவுவதுமாகப் போயிற்று. தேறியவற்றை வைத்துச் சிறு குழு ஒன்று அமைந்தது. தங்கவேலு அண்ணன் நடுவில் நின்று ஷட்ஜம் பிடித்தார். நாங்கள் 'டி' வாசித்தோம். ஒரே கோடு மாதிரி இருந்தது. கிளாரினெட்காரன் ஆ ஹெங் வாயிலிருந்து கருவியை எடுத்துவிட்டு, "அலாமாக்!" என்று மலாயில் வியந்தான். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோயிலில் நான் வெளியே போய் நின்ற அந்தச் சுருதிக்குள் நானே நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் வருடக்கணக்கில் ஊதாமல் கிடந்த மரம் ஈரத்தைத் தாங்காது. ஓபோவை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊதிப் பழக்க வேண்டும். எங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மேல்பகுதியில் முடியளவு விரிசல் கண்டது. ஹார்ட்லி தேன்மெழுகை உருக்கித் தடவி, பட்டு நூலால் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார். "ஒரு மாலை நேரம் தாங்கட்டும்," என்றார்.

ஃபேரர் பார்க்கில் அன்று நல்ல கூட்டம். வெயில் சாய்ந்து, மழைக்கு முந்தைய குளிர்காற்று வீசியது. எங்கள் முறை வந்தது. மேடை ஏறி உட்கார்ந்தோம். சுருதி கொடுக்க ஓபோவை எடுத்தேன். 'ஏ' வந்தது, நடுங்கியது, உடைந்தது. மறுபடி முயன்றேன். காற்றில் விரிசல் திறந்துகொண்டது என்று விரலிலேயே தெரிந்தது. இத்தனை வருடமும் அதுதான் என் வேலை. அத்தனை பேர் முன்னால் அதை என்னால் செய்ய முடியவில்லை. ஹார்ட்லியைப் பார்த்து இல்லையென்று தலையசைத்தேன்.

அவர் தங்கவேலு அண்ணன் பக்கம் திரும்பி, மரியாதையாகக் கையை நீட்டினார்.

அண்ணன் என்னைக் கேட்டார். "என்னய்யா சொல்றாரு தொரை?"

"பஞ்சமத்தப் பிடிங்கண்ணே. நாங்க உங்களோட சேந்துக்கிறோம்."

அவருடைய பஞ்சமம்தான் எங்கள் 'ஏ'. பிடித்தார். திடலின் மறுகோடி வரை போயிருக்கும். முதலில் கிளாரினெட்டுகள், பிறகு குழல், பிறகு பித்தளைகள் என்று ஒவ்வொன்றாக வந்து அதில் கலந்தன. ஹார்ட்லி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஆலாபனை தொடங்கியது. முதலில் கூட்டத்தில் வழக்கமான பேச்சுச் சத்தம். கச்சான் கடலை விற்பவனின் குரல். அண்ணன் மேலே போய், மெல்ல இறங்கி, மந்தரப் பஞ்சமத்துக்கு வந்தார். எப்போது என்று தெரியவில்லை, பேச்சு நின்றிருந்தது. முழுத் திடலும் நின்றிருந்தது. அண்ணன் சட்டென்று நாயனத்தை வாயிலிருந்து எடுத்தார். முகம் வெளிறியிருந்தது. என் பக்கம் குனிந்து, "என்னாச்சுய்யா? ஏன் எல்லாரும் கம்முனு ஆயிட்டாங்க? தப்பா ஏதும் போயிட்டேனா?" என்றார்.

"இல்லண்ணே. கேக்குறாங்க."

"யாரு?"

"எல்லாருந்தான். வாசிங்க."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். மறுபடி எடுத்தபோது அவர் கோயிலிலும் வாசித்து நான் கேட்டிராத ஒன்றை வாசித்தார். கீர்த்தனையில் எனக்கென்று இருந்த வரிகளை என் ஓபோ வாசிக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வரிகளையும் அவரே எடுத்துக்கொண்டார்.

அப்படி ஒரு நிகழ்ச்சி பிறகு நடக்கவில்லை. ஹார்ட்லி அடுத்த ஆண்டே பணி முடிந்து ஊர் திரும்பினார். புதிதாக வந்தவர் கிடங்கைச் சுத்தம் செய்து, 'எச்.பி.' கருவிகளைப் பழைய இரும்போடு சேர்த்து அனுப்பிவிட்டார். தங்கவேலு அண்ணன் கோயிலில் வாசித்துக்கொண்டே இருந்தார். அதிகாரி என்ன சொன்னாரோ, முதல் தடவை இங்கிலாந்துக்கு வேறொருவரை அனுப்பினார்கள். நான் மூன்று வருடம் கழித்துப் போனேன்.

குளிரான ஊர். அங்கே எல்லோருடைய கருவியும் கீழே இறங்கிக் கிடந்தது, என்னுடையது மட்டும் மேலே நின்றது. ஆசிரியர் ரீடை மாற்றிப் பார்த்தார், தன் சொந்த ஓபோவையே கொடுத்துப் பார்த்தார். அதிலும் நான் மேலேதான் போனேன். "கருவியில் கோளாறு இல்லை. நீ எதையோ கேட்டுக்கொண்டு வாசிக்கிறாய். எதைக் கேட்கிறாய்?" என்று கடைசியில் கேட்டார்.

என் காதில் தங்கவேலு அண்ணனின் பஞ்சமம்தான் இருந்தது. உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். சுருதி இறங்கியது. "அதுதான்," என்றார் அவர். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு 'ஏ'யையும் நான் அப்படித் தளர்த்தித்தான் கொடுத்தேன். யாரும் தவறு சொன்னதில்லை.